நீண்ட கழியும் சுழலும் ரீலும்

இங்கிலாந்து தேசத்து ஆறுகளில் வாழும் மீன்களுக்கு வருஷந்தோறும் மூன்று மாத காலம் சட்டபூர்வமான அபயம் உண்டு. மார்ச் 15-ஆம் தேதி தொடங்கி ஜூன் 15-ஆம் தேதி முடிய, சால்மன், டிரௌட் என்னும் சீமான்களின் மீன்கள் நீங்கலாக, ஏனைய நன்னீர் மீன்களை ஆற்றில் தூண்டில் போட்டுப் பிடிப்பது அங்கே குற்றம். அவை முட்டையிட்டு இனம் பெருக்கும் பருவம் அது என்பதை உத்தேசித்து, கத்திகளுக்குப் பெயர்போன ஷெஃபீல்டு நகரத்தின் பார்லிமெண்டு அங்கத்தினராக இருந்த முண்டெல்லா என்பவர் முன்னின்று 1878-ஆம் ஆண்டில் நிறைவேற்றுவித்த சட்டத்தின் வழியாக வந்த ஏற்பாடு இது. குளம், ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு 1995-லும், கால்வாய்களில் பெரும்பாலானவற்றுக்கு 2000-லும் இத்தடை நீங்கிவிட்டது. ஆறுகளுக்கோ இன்றளவும் நீடிக்கிறது. ஆகவே ஜூன் 15-ஆம் தேதி நள்ளிரவு மணி பன்னிரண்டு அடித்ததும் முதல் தூண்டிலை நீரில் இறக்கிவிட வேண்டுமென்று, இருட்டிலேயே கரையில் வந்து காத்திருக்கும் பக்தர்கள் அந்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் அக்கரைகளின் வழியாக நடந்து செல்பவன் இரண்டு வகையான மனிதர்களைக் காண்பான். ஒருவர் நாலு கால்களும் தட்டுகளும் வைத்த பெட்டியொன்றின்மீது அமர்ந்து, கால்வாயின் எதிர்க்கரையையே தொட்டுவிடக்கூடிய நீளமுள்ள கரிய கழி ஒன்றைத் தொடையின் குறுக்கே கிடத்தி, அதன் நுனிக்கு நேர்கீழே நிற்கும் தக்கையைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர் அதில் மூன்றில் ஒரு பங்கு நீளங்கூட இல்லாத கோலொன்றைப் பின்னால் வீசி முன்னால் எறிந்து, முப்பது நாற்பது கஜ தூரத்தில் இரையை விழச் செய்து, கைப்பிடிக்கு அருகிலுள்ள ரீலைச் சுழற்றி நரம்பை இறுக்கிக்கொண்டிருப்பார். இருவரும் நாடுவது ஒரே மீனைத்தான். இவர்களுள் யார் செய்வது உத்தமம் என்று, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பொழுதுபோக்காகத் தூண்டில் போட விரும்பும் சாதாரண மனிதன் கேட்டால், கடைக்காரர் ஒரு விடையும், கரையில் இருப்பவர் வேறொரு விடையும், போட்டிகளில் பரிசு வாங்கியவர் மூன்றாவது விடையும் சொல்லுவார்கள்.

அந்த மீன்களைப்பற்றி முதலில் இரண்டொரு வார்த்தை. ரோச் என்பது செந்நிறக் கண்ணும் வெள்ளிச் செதிலும் உடைய சிறு மீன். அரை ராத்தல் எடையுள்ளது கிடைத்தாலே அன்றைய தினம் நல்ல தினம். பிரீம் தட்டையானது, மந்தமானது, கூட்டங்கூட்டமாகச் சேற்றைக் கிளறித் தின்பது. டெஞ்ச், வழுவழுப்பான பசிய உடலோடு, கோடைக்காலத்து விடியலில் நீர்ப்பூண்டுகளின் ஓரத்தில் குமிழிகளை எழுப்புவது. பெர்ச் முதுகில் முள்ளும் உடலில் வரிகளும் கொண்டது. இவற்றோடு ஆறுகளில் சப், டேஸ், பார்பெல் என்பவையும், எங்கும் நிறைந்த சீமைக் கெண்டையும் உண்டு. இந்தச் சீமைக் கெண்டை நமக்கு முற்றிலும் அந்நியமன்று. 1939-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து உதகமண்டலத்துக்குக் கொண்டுவரப்பட்ட கெண்டையும், பின்னர் நம் குளங்களிலெல்லாம் பரவிய கெண்டையும் இவ்வினத்தவையே. ஆனால் நம்மவர் கெண்டையைப் பிடித்தால் அது அடுக்களைக்குப் போகும். ஆங்கிலேயரோ அதை ஈரமான விரிப்பில் கிடத்தி, தூண்டில் முள்ளைக் கழற்றி, எடை போட்டு, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். திரும்ப விடுவதற்காகவா இத்தனை பிரயாசை என்று வியக்கத் தோன்றும். ஆயினும் இவ்வழக்கம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அவர்களுடைய உபகரண விவாதம் நமக்கு விளங்கும்; மீன் உணவாக வேண்டுமென்றால் வலை போதும், பிடிக்கும் விதத்திலேயே இன்பமெல்லாம் அடங்கியிருக்கும்போதுதான் கழியா ரீலா என்ற கேள்வி இத்தனை முக்கியத்துவம் பெறுகிறது.

கழி வயதில் மூத்தது. ஒரு நீண்ட கொம்பின் நுனியில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் முனையில் முள்ளைக் கட்டினால் அதுவே கழி. மனிதன் மீன் பிடிக்கத் தொடங்கிய நாள் முதலாக நம் வாய்க்கால் ஓரத்துச் சிறுவன் வரையில் அதன் தத்துவம் மாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனைச் சுற்றியுள்ள தேம்ஸ், லீ நதிகளில் ரோச் மீன் பிடிப்பவர்கள் இருபது அடி நீள மூங்கிற்கழிகளைத் துண்டு துண்டாகச் செய்து, ஒன்றோடொன்று பொருத்திப் பயன்படுத்தினார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் தூண்டிற்கோல் செய்வதற்கு உபயோகமான மூங்கிலில் ஒரு பகுதி கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிச் சென்றது என்பதும், அதற்குக் ‘கல்கத்தா மூங்கில்’ என்றே அங்கே பெயர் வழங்கியது என்பதும் நமக்குச் சற்றுச் சுவாரஸ்யமான செய்திகள். லீ நதி வேறொரு விதத்திலும் பிரசித்தமானது. ஐஸக் வால்டன் 1653-ல் வெளியிட்டு, இன்றுவரை அச்சிலிருந்து மறையாமல் வரும் தூண்டில் நூலிலே உரையாடுகிறவர்கள் நடந்து செல்லும் கரை அந்த நதியின் கரைதான்.

இன்றைய கழி மூங்கிலன்று. 1960-களில் ஃபார்ன்பரோ என்னுமிடத்திலுள்ள அரசாங்க விமான ஆராய்ச்சிச் சாலையில், ஆகாய விமானங்களுக்காக உருவாக்கப்பட்ட கார்பன் இழை, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் மீன் பிடிப்பவர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு கண்ணாடி இழையால் செய்த கழிகளைப் பிடித்திருந்தவர்களுக்கு மாலையில் தோள் வலிக்காமல் இருந்ததில்லை. கார்பன் கழியோ பதினாறு மீட்டர் நீளத்துக்குச் சற்றேறக்குறைய ஒரு கிலோ எடைதான் இருக்கும். ஐம்பத்திரண்டு அடி நீளமுள்ள ஒரு பொருள், நுனி தொங்காமலும் ஆடாமலும், ஒரு கையின் அணைப்பில் நிற்கிறது என்பது நேரில் பார்த்தாலன்றி நம்ப முடியாத விஷயம். உள்ளீடற்ற குழாய்கள் பல, ஒன்றன் முனையில் மற்றொன்று செருகப்பட்டு இந்நீளம் உண்டாகிறது. மீன் சிக்கியதும் பிடிப்பவர் கழியைத் தமக்குப் பின்புறமாக, தரையில் வைத்த உருளையின்மீது வழுக்கிச் செல்லும்படி தள்ளிக்கொண்டே போய், நுனிப்பகுதி கைக்கு எட்டியதும் அடிப்பகுதி முழுவதையும் கழற்றிவிட்டு, மீதியிருக்கும் இரண்டு மூன்று குழாய்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மீனை வலைக்குக் கொண்டுவருகிறார். மறுபடியும் இரை கோத்து, மறுபடியும் குழாயைப் பொருத்தி, மறுபடியும் முன்னே செலுத்துகிறார். தேர்ந்தவர் கையில் இது நெசவாளியின் நாடாவைப் போல இங்குமங்கும் ஓடிக்கொண்டிருக்கும். புதியவர் கையிலோ முதல் நாள் ஒரு துண்டாவது கல்லில் இடித்துக் கீறல் விழும்.

இத்தனை நீளம் எதற்கு என்று கேட்டால், தூரத்துக்காக மட்டுமன்று, துல்லியத்துக்காக என்பதே விடை. கழியின் நுனிக்கும் தக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று அடி நரம்புதான் இருக்கும். காற்று தக்கையைத் தள்ளினால் நுனியைச் சிறிது அசைத்து நிறுத்திவிடலாம். நீரோட்டம் இழுத்தால் பிடித்துவைத்து, இரை தரையோடு மெல்ல மெல்ல ஊர்ந்து போகும்படி செய்யலாம். நுனியில் மாட்டிய ஒரு சிறு கிண்ணத்தில் புழுக்களையோ சோளமணிகளையோ வைத்து, தக்கை நிற்கும் அதே புள்ளியில் கவிழ்க்கலாம். ஒரு சாண் இப்படியும் அப்படியும் போகாது. மீன் இரையை வாயில் வைத்துத் துப்புவதற்குள், நுனியை நாலு அங்குலம் உயர்த்தினால் முள் தைத்துவிடும். குளிர்காலத்துத் தெளிந்த நீரில், பசியற்ற ரோச் மீன் புழுவை உதட்டால் தொட்டுப் பார்க்கும் வேளையில், அரைக் கிராம்கூடத் தாங்காத சின்னஞ்சிறு தக்கையைப் பயன்படுத்த முடிவதும், அதை எறிய வேண்டிய அவசியமே இல்லாதிருப்பதும் கழியின் தனிச் சௌகரியங்கள். தக்கையை எறிய வேண்டுமானால் எறிவதற்குரிய கனம் அதற்கு வேண்டும். கனம் கூடக்கூட அந்தத் தொடுதல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஆனால் கழியில் நரம்பைச் சேமித்து வைக்கும் இடம் எதுவும் இல்லையே, பெரிய மீன் ஓட ஆரம்பித்தால் என்ன செய்வது? இந்த இடத்தில்தான் நவீனக் கழியின் சூட்சுமம் இருக்கிறது. நுனியிலுள்ள இரண்டு மூன்று குழாய்களுக்குள்ளே ரப்பர் பாலிலிருந்து செய்யப்பட்ட எலாஸ்டிக் நாண் ஒன்று ஓடுகிறது. அதன் ஒரு தலை குழாயின் அடியிலுள்ள அடைப்பில் கட்டப்பட்டிருக்கும். மறு தலை நுனித் துவாரத்தில் பொருத்திய வழுவழுப்பான டெஃப்லான் வளையத்தின் வழியாக வெளியே வந்து, நரம்போடு இணைந்திருக்கும். மீன் இழுத்தால் எலாஸ்டிக் வெளியே நீண்டு கொடுக்கும். மீன் தளர்ந்தால் தானே உள்ளே சுருங்கும். சிறு ரோச்சுக்கு மெல்லிய நாண், கெண்டைக்குத் தடித்த நாண் என்று எண்களாலும் நிறங்களாலும் தரம் பிரித்து விற்கிறார்கள். மெல்லிய நாணில் பெரிய கெண்டை சிக்கிவிட்டால் பார்க்க வேண்டிய காட்சி அது: நிறமுள்ள ரப்பர் கோடு ஒன்று கால்வாயின் பாதியளவு நீண்டு, நீரைக் கிழித்துக்கொண்டு போகும், பிடித்திருப்பவர் இன்னொரு குழாயைப் பின்னால் செருகி நீளத்தைக் கூட்டிப் பார்ப்பார், நாண் இனி நீள முடியாது என்ற எல்லையை எட்டியதும் நரம்பு அறுந்து எல்லாம் ஒரு கணத்தில் முடிந்துவிடும். இதற்குப் பரிகாரமாக, நுனித் தொகுதியின் பக்கவாட்டில் ஒரு துளை வைத்து, மீன் அருகே வந்ததும் அதன் வழியாக நாணைக் கையால் இழுத்து இறுக்கும் ஏற்பாடு இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. அதனால் முன்பெல்லாம் கழிக்கு அடங்காத கெண்டைகள் இப்போது அடங்குகின்றன. ஆயினும், ஒரு வரம்புக்குமேல் மீனுக்கு ஓடுவதற்கு இடம் கொடுக்கும் சக்தி கழிக்கு இல்லை என்பது மாறாத உண்மை.

அந்த இடத்தைக் கொடுப்பதற்கென்றே பிறந்தது ரீல். சீனாவில் தென் ஸுங் அரசர் காலத்து ஓவியரான மா யுவான், சுமார் 1195-ல் தீட்டிய படமொன்றிலே, குளிர்கால ஏரியில் தனியாகப் படகில் குந்தியிருக்கும் மீனவன் கையிலுள்ள கோலில் சிறு சக்கரம் ஒன்று தெளிவாகக் காணப்படுகிறது. ரீலுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சித்திரச் சான்று அதுவே என்பர். இங்கிலாந்தில் 1651-ல் தாமஸ் பார்க்கர் எழுதிய சிறு நூலில் அதைப்பற்றிய குறிப்பு வருகிறது. அதன் பிறகு நெடுங்காலம் ரீல் என்பது அச்சில் சுழலும் உருளையாகவே இருந்தது. நாட்டிங்ஹாம் நகரத்தவர் மரத்தினால் அதைச் செய்து, டிரெண்ட் நதியின் ஓட்டத்தோடு தக்கையை ஐம்பது கஜம் வரையில் மிதக்கவிட்டு, உருளை தங்கள் கட்டைவிரலின் கீழ் சளைக்காமல் சுழலும்படி செய்து மீன் பிடித்தார்கள். இன்றும் அந்த முறையைக் கைவிடாதவர்கள் இருக்கிறார்கள். எந்திர லாபத்தைக் கணக்கிட்டால் அவர்கள் செய்வது பிடிவாதம். ஆனால் நதியின் வேகத்தை விரல் நுனியில் உணர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் சுகம் வேறெதிலும் இல்லை என்று அவர்கள் சொல்வதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

சுழலும் உருளையால் இலேசான இரையைத் தூரத்துக்கு எறிய முடியாது. உருளையைச் சுழலச் செய்வதற்கே இரையின் வேகமெல்லாம் செலவாகிவிடும். ஸ்காட்லாந்தில் பெர்த் நகரத்தவரான மேலக் 1884-ல் உருளையைப் பக்கவாட்டில் திருப்பி, நரம்பு அதன் விளிம்பின் வழியாக வழுக்கிப் போகும்படி ஒரு ரீல் செய்தார். அடுத்த அடியை எடுத்துவைத்தவர் யார்க்ஷயரில் பிராட்ஃபோர்டு நகரத்துக் கம்பளி ஆலை முதலாளியான இல்லிங்வர்த். ஆலையில் நூற்கண்டு அசையாமல் இருக்க, நூல் மட்டும் அதன் தலைப்பக்கமாக உருவிக்கொண்டு ஓடுவதைத் தினந்தோறும் பார்த்துவந்த அவர், அதே முறையைத் தூண்டிலுக்குப் புகுத்தி 1905-ல் உரிமைப் பத்திரம் பெற்றார். எறியும்போது கண்டு அசைவதில்லை. நரம்பு தானே வளையம் வளையமாகக் கழன்று போகிறது. திரும்பச் சுற்றும்போது ஒரு வளைகம்பி கண்டைச் சுற்றிவந்து நரம்பை அதன்மீது அடுக்குகிறது. பெரிய மீன் இழுத்தால், இவ்வளவு பலத்துக்குமேல் போனால் வழுக்கிக் கொடு என்று முன்கூட்டியே திருகி வைத்த கிளட்ச், முனகிக்கொண்டே நரம்பை விட்டுக்கொடுக்கும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பிரான்ஸ் தேசத்து மிட்சல் முதலிய ரீல்கள் மலிவாகப் பரவியபோது, ஒரு பிற்பகல் பழகிய சிறுவனும் அவன் தாத்தா கனவிலும் எட்டாத தூரத்துக்குத் தக்கையை எறியலானான்.

இதனால் விளைந்த நன்மை சாமானியமானதன்று. அகன்ற ஏரியின் நடுவே, கழியால் எட்டவே முடியாத இடத்தில் பிரீம் கூட்டம் மேயும்போது, இரையை அடைத்த சிறு கூண்டொன்றை நரம்பில் கோத்து எறிந்து, அது அடியில் கரைந்து பரவும்படி செய்து, கோலின் மென்மையான நுனி துடிப்பதைக் கொண்டு மீன் தொட்டதை அறியலாம். செவர்ன், வை, டிரெண்ட் போன்ற ஆறுகளில், பாறைகளுக்கு நடுவே பாய்ந்து திரியும் பார்பெல் சிக்கினால், முப்பது கஜ நரம்பை அது ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போகும். அதற்கு எந்தக் கழியும் ஈடுகொடுக்காது. காற்று கடுமையாக அடிக்கும் நாளில், பதினைந்து மீட்டர்க் கழியை ஏந்தியிருப்பவர் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ரீல் வைத்திருப்பவர் கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, நரம்பை மூழ்கடித்துவிட்டு, நிம்மதியாகத் தேநீர் அருந்துவார்.

ஆனால் ரீல் தரும் தூரத்துக்கு ஒரு விலையும் உண்டு. தக்கைக்கும் கோலுக்கும் இடையே கிடக்கும் நரம்பு முழுவதையும் காற்று வில்லாக வளைக்கிறது; அந்த வளைவு தக்கையைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்கிறது; இரை கீழே இயற்கையாக இராமல் நகர்கிறது; சந்தேகப் பிராணியான ரோச் அதைத் தொடுவதில்லை. தொட்டாலும், வளைந்து கிடக்கும் நரம்பை நேராக்கிக்கொண்டு முள் மீனின் வாயை எட்டுவதற்குள் மீன் போய்விடும். இன்னொரு குறை, எனக்குத் தோன்றுகிறவரையில் இதுவே பெரியது: எறிய முடியும் என்பதனாலேயே மனிதன் எறிகிறான். கரைக்கு இரண்டு மீட்டருக்குள், நாணலின் நிழலில், மேய்ந்துகொண்டிருக்கும் டெஞ்ச் மீனின் தலைக்கு மேலாகத் தன் இரையை ஏரியின் நடுவில் கொண்டுபோய் எறிந்துவிட்டு, இன்று மீன் இல்லை என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்பும் புதியவர்கள் அநேகம். கெண்டைகள் மாலை மங்கும் நேரத்தில் கரையோரத்திலேயே, மனிதர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, வந்து உலவுவதைப் பழகியவர்கள் அறிவார்கள்.

இங்கிலாந்தின் கால்வாய்களைப் பார்த்தால் கழி ஏன் அங்கே இவ்வளவு செல்வாக்குப் பெற்றது என்பது புலனாகும். பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் சரக்குப் படகுகளுக்காக வெட்டப்பட்ட கால்வாய்களில் பல, பத்துப் பன்னிரண்டு மீட்டர் அகலமே உடையவை. கரையோரத்தில் ஆழமற்ற திட்டு, நடுவில் படகு போகும் நாலைந்தடி ஆழமுள்ள தடம், அப்பால் எதிர்க்கரையில் மீண்டும் ஒரு திட்டு என்பது அவற்றின் பொதுவான அமைப்பு. ஆள் நடமாட்டம் இல்லாத எதிர்க்கரையில், புதர் கவிந்த நிழலில், நல்ல மீன்கள் ஒதுங்குகின்றன. ரீலினால் அங்கே எறிந்தால் பத்தில் மூன்று முறை இரை புதரில் மாட்டிக்கொள்ளும்; கழியினாலோ இலைக்குக் கீழே மெல்லச் செலுத்தி, தக்கையைக் கையால் வைப்பதுபோல வைக்கலாம். 1980-களிலிருந்து பெருகிய, கெண்டைகளை நெருக்கமாக வளர்த்துக் கட்டணம் வாங்கி மீன் பிடிக்க விடும் தனியார் குளங்களிலும், நடுத்திட்டுகளைப் பதினான்கு மீட்டர்க் கழிக்கு எட்டும் தூரத்திலே வைத்து வெட்டியிருப்பதைக் காணலாம். போட்டிகளின் கதையும் இதுவே. பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் கழியைக் கொண்டு உலகப் போட்டிகளில் பரிசுகளை அள்ளிச் செல்வதை நெடுங்காலம் பார்த்திருந்த ஆங்கிலேயர், தாமும் அதைக் கற்று, 1985-ல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்து ஆர்னோ நதியிலேயே அணிக்கான பட்டத்தைக் கைப்பற்றினார்கள். பின்னர் பாப் நட் என்பவர் 1990, 1991, 1994, 1999 ஆகிய நான்கு ஆண்டுகளில் தனிநபர் உலகப் பட்டம் பெற்றார். உலகப் போட்டிகளில் ஆடவர் பிடிக்கும் கழி பதின்மூன்று மீட்டருக்கு மேற்படக் கூடாது என்று விதி வகுக்க வேண்டியிருந்தது. இல்லாவிடில் பிடிப்பவரின் சாமர்த்தியத்தைவிடத் தொழிற்சாலையின் சாமர்த்தியமே வெற்றியை நிர்ணயித்திருக்கும்.

பட்டம் பெறுபவர்களுடைய உபகரணத்தைப் பார்த்து, பொழுதுபோக்குக்காரர் தம் உபகரணத்தைத் தேர்ந்தெடுக்கலாமா? கூடாது என்பதே என் அபிப்பிராயம். உயர்ந்த ரகத்து நீண்ட கழி ஆயிரக்கணக்கான பவுண்டு விலைபெறும். விலைமலிந்ததோ கனமாகவும் தொய்வாகவும் இருந்து, அரைமணியில் கையைச் சலிக்கச் செய்யும். கழி மட்டும் போதாது: உருளை வேண்டும், தாங்கி வேண்டும், கால் வைத்த பெட்டி வேண்டும், வெவ்வேறு எலாஸ்டிக் பூட்டிய நுனித் தொகுதிகள் நாலைந்து வேண்டும், இவற்றையெல்லாம் ஏற்றிக்கொண்டு போவதற்குச் சக்கர வண்டியொன்றும் வேண்டும். கரையில் எல்லாவற்றையும் பரப்பிச் சீர்செய்து முதல் தக்கையை இறக்குவதற்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஒரு முறை உட்கார்ந்தால் அன்று முழுவதும் அந்த இடந்தான். இரண்டு மணி நேரம் அவகாசம் உள்ளவர், இங்கே கிடைக்காவிட்டால் அந்த வளைவில் பார்ப்போம் என்று கோலையும் ஒரு தோள் பையையும் எடுத்துக்கொண்டு நடக்க விரும்புகிறவர், நீண்ட கழிக்கு ஏற்றவரல்லர். இன்னொரு சங்கடமும் உண்டு. கால்வாய்க்கரை என்பது நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் போகும் பொதுப்பாதை. கழியைப் பின்னுக்குத் தள்ளும்போது அது பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு நீளும். திரும்பிப் பாராமல் தள்ளியவரின் கழிமீது மிதிவண்டி ஏறிவிட்டால் பிறகு நடக்கும் வாக்குவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று சொல்வது கடினம்.

இவற்றைக் காட்டிலும் முக்கியமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். தலைக்கு மேலே மின்கம்பி செல்லுமிடத்தில் நீண்ட கழியை நிமிர்த்தியதால் உயிரிழந்தவர்கள் அந்நாட்டில் உண்டு. கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே மின்சாரம் தாவும். மேலே செல்லும் மின்கம்பிகளிலிருந்து முப்பது மீட்டருக்குள் தூண்டில் போடக் கூடாது என்றும், அவற்றின் கீழ் கழியைத் துண்டுகளாகக் கழற்றியே எடுத்துச் செல்ல வேண்டும் என்றும் அங்கே எச்சரிக்கிறார்கள். இடி முழங்கும்போது எந்தக் கார்பன் கோலையும் கீழே வைத்துவிட்டு விலகிவிடுவது புத்திசாலித்தனம். இந்த எச்சரிக்கை அந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

அப்படியானால் புதிதாகத் தொடங்குகிறவர் எதை வாங்குவது? என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது இந்த இரண்டும் அல்லாத, கழியின் தம்பி ஒருவன்: நாலு அல்லது ஐந்து மீட்டர் நீளமுள்ள, ஒன்றுக்குள் ஒன்று அடங்கி மடங்கும், நுனி துவளும் சிறு கழி. அதற்கு எலாஸ்டிக்கும் வேண்டாம், ரீலும் வேண்டாம். கழியின் நீளத்துக்குச் சற்றுக் குறைவான நரம்பை நுனியில் கட்டி, ஒரு தக்கையும் சில குண்டுகளும் இருபதாம் எண் முள்ளும் கோத்தால் ஆயிற்று. மீன் சிக்கினால் அப்படியே ஊசலாட்டிக் கைக்குக் கொண்டுவரலாம். ஆழத்தை அளந்து தக்கையை நிறுத்துவது, குண்டுகளைப் பரவலாகப் பொருத்தினால் இரை மெதுவாக இறங்கும், ஒன்றாகத் திரட்டினால் விரைந்து இறங்கும் என்று அறிவது, சிறிது சிறிதாக இரை தூவி மீனைக் கூட்டுவது, தக்கை அமிழ்வதற்கும் சாய்வதற்கும் சற்றே உயர்வதற்கும் உள்ள வித்தியாசத்தைப் படிப்பது ஆகிய எல்லாப் பாடங்களையும் அந்தச் சிறு கழி கற்றுக்கொடுத்துவிடும். பெரிய உபகரணங்கள் இதற்குமேல் கற்றுத்தருவது மிகக் கொஞ்சம். குண்டு வாங்கும்போது ஒன்று கவனிக்கத்தக்கது. அன்னப்பறவைகள் ஈயக்குண்டுகளை விழுங்கி நஞ்சேறி மடிந்ததனால், 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையுள்ள ஈயக்குண்டுகள் 1987 முதல் அங்கே விலக்கப்பட்டுவிட்டன. அவற்றுக்கு மாற்றாக வேறு உலோகக் குண்டுகளே வழங்குகின்றன.

சிறு கழியில் கை தேறிய பிறகு, பதின்மூன்று அடி நீளமுள்ள தக்கைக் கோல் ஒன்றும் இல்லிங்வர்த் வழிவந்த சாதாரண ரீல் ஒன்றும் வாங்கினால், ஆறு, குளம், ஏரி மூன்றுக்கும் அது போதும். எப்போதாவது செல்பவருக்கு எல்லாவற்றுக்கும் பயன்படும் ஒரே சாதனம் வேண்டுமென்றால் அது இதுதான்; கழிப் பக்தர்கள் கோபித்துக்கொண்டாலும் இதை மாற்றிச் சொல்ல முடியாது. நீண்ட கழியோ, வாரந்தோறும் ஒரே கால்வாய்க்கோ ஒரே குளத்துக்கோ போய், நாள் முழுவதும் ஒரே இடத்தில் அமர்ந்து, ஒரே சாண் அகல நீரின் இயல்பைக் கரைத்துக் குடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு உரியது. அத்தகைய ஆசை வந்துவிட்டவர் புதியதை வாங்காமல், பதினொன்று அல்லது பதின்மூன்று மீட்டரில் பழையதொன்றைத் தேடுவது நலம். போட்டிக்காரர்கள் அடிக்கடி புது மோஸ்தருக்கு மாறுவதனால், நல்ல நிலையிலுள்ள பழைய கழிகள் பாதி விலைக்கும் குறைவாகவே கிடைக்கும். வாங்குமுன் ஒவ்வொரு துண்டின் செருகுவாயையும் விரலால் தடவி, கீறலும் தேய்வும் உண்டா என்று பார்க்க வேண்டும்; முழு நீளத்துக்கும் பொருத்தி, நுனியை ஆட்டிப் பார்க்க வேண்டும்; உடன் வரும் நுனித் தொகுதிகள் எத்தனை என்று எண்ணிக்கொள்ள வேண்டும், ஏனெனில் தனியே வாங்கினால் அவற்றின் விலை கழியையே எட்டிப் பிடிக்கும்.

ரீல் இல்லாத வெறுங்கழிதானே, இதற்கு என்ன லைசென்ஸ் என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் இரண்டுக்கும் வித்தியாசம் பாராட்டுவதில்லை. இங்கிலாந்தில் பதின்மூன்று வயது நிறைந்த எவரும் நன்னீரில் எந்தக் கோலைப் பிடித்தாலும் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். பதினாறு வயது வரையில் அது இலவசம். இல்லாமல் அகப்பட்டால் 2,500 பவுண்டு வரையில் அபராதம் விதிக்கலாம். அதோடு, நீர்நிலைக்கு உரிய சங்கத்தினிடமோ சொந்தக்காரரிடமோ அன்றைய தினத்துக்குத் தனியே ஒரு சீட்டும் வாங்க வேண்டும். பல இடங்களில் அதைக் காவற்காரர் கரைக்கே வந்து பணம் பெற்றுக்கொண்டு கொடுத்துவிடுவார்.